ஜிப் அக்கா வீட்டுக் கோழி

உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியபடி, ஒரு கால்சட்டையின் அடிமடிப்பில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே, "அதுக்குச் சளியெல்லாம் இல்லை. கூட்டுக்குள்ள காத்து போகலை. நீங்க ஒரு நாள் அதுக்குள்ள படுத்துப் பாருங்க, தெரியும்" என்கிறார் ஜிப் அக்கா. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் மடியில் துண்டு சுற்றிய ஒரு பழுப்புக் கோழி. தலையை மட்டும் வெளியே நீட்டி, தையல் மெஷினின் சக்கரத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. வாயில் ஊசி இருக்கும்போது அக்காவுக்கு ‘ப’வும் ‘ம’வும் சரியாக வராது. புதிதாக வருபவர்களுக்குப் பாதிதான் புரியும். பழகியவர்கள் மீதியை ஊகித்துக்கொள்வார்கள், டாக்டரின் கையெழுத்தை மருந்துக் கடைக்காரர் படிப்பது போல.

அறுந்த ஜிப், பல் விழுந்த ஜிப், பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் மானத்தை வாங்குகிற ஜிப், எதுவானாலும் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் அவரிடம்தான் வரும். பெயர் அப்படி வந்ததுதான். புதுத்துணி தைப்பதில்லை. "புதுசு தைக்க ஊர்ப்பட்ட ஆளுங்க இருக்காங்க. கிழிஞ்சதுக்குத்தான் ஆள் இல்லை" என்பார். ஐம்பதைத் தாண்டிய, தோள் சற்று முன்னால் வளைந்த உருவம். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. ஒரு முறை அந்த நாடாவாலேயே ஒரு கோழியின் காலைக் கட்டிப் போட்டுவிட்டு, அரை நாள் வீடு முழுக்க நாடாவைத் தேடியிருக்கிறார்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். முன்னறையில் மெஷினும் துணிக்குவியலும். அதைத் தாண்டினால் சமையலறை. பின்கதவைத் திறந்தால் ஒரு துண்டு நிலம். அங்கேதான் அவருடைய பழைய துணி அலமாரி செங்கல் மேல் ஏறி நிற்கிறது. ஒரு கதவைக் கழற்றிக் கம்பிவலை அடித்து, உள்தட்டுகளில் பழப்பெட்டிகளைச் செருகி, கோழிக்கூடாக்கிவிட்டார். கண்ணாடி பதித்த இன்னொரு கதவு அப்படியே இருக்கிறது. கோழிகள் அதன் முன்னால் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொள்ளும். "பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல ஒரு கண்ணாடி வேண்டாமா?" என்பார் அக்கா.

கோழிகளின் பெயர்கள் துணிக்கடையிலிருந்து வந்தவை. காக்கி, லைனிங், கட்டம்போட்டது, வெல்வெட். காலையில் கூட்டைத் திறந்ததும் முதலில் உள்ளே முகத்தை நீட்டி ஒரு முறை மோந்து பார்ப்பார். பிறகு ஒவ்வொன்றின் வயிற்றுக்கு அடியிலும் கையைச் செருகுவார். முட்டை கிடைத்தால் அதைக் கன்னத்தில் ஒரு கணம் ஒட்டவைத்துக்கொண்டுதான் கூடையில் வைப்பார். இதை யாரும் பார்ப்பதில்லை என்று அவருக்கு எண்ணம். சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடும் எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு விசித்திரமும் உண்டு. கோபம் வந்தால் கோழிக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "வாடி, போடி." கோபமென்றால், "என்னங்க மேடம், இன்னிக்கு முட்டை உண்டா, இல்லை லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டீங்களா?" அவருடைய கணவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர், முழங்கால் போய் வீட்டோடு இருப்பவர். "என்கிட்டயும் அதே கதைதான். ‘நீங்க’ன்னு ஆரம்பிச்சா நான் செருப்பைத் தேட ஆரம்பிச்சுடுவேன்" என்பார்.

மாலையில் முன்னறையில் கூட்டம் கூடும். கோழி வளர்ப்பவர்கள் எதையாவது கிழித்துக்கொண்டு வருகிறார்களா, அல்லது வருவதற்காகவே கிழித்துக்கொள்கிறார்களா என்பது லாரிக்காரரின் நெடுநாள் சந்தேகம். தவறாமல் வருகிற இருவரில் ஒருவர் பக்கத்துத் தெரு பிளம்பர். மிச்சம் விழுந்த குழாய்களை வைத்தே கூடு கட்டியவர். கோழி அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டும் குழாயெல்லாம் வைத்திருக்கிறார், ஆனால் மழை வந்தால் கூரையும் சொட்டும். மற்றவர் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர். கொண்டுவரும் பையை மடியை விட்டு இறக்கமாட்டார். கோழியின் எச்சத்தைப் பற்றிக்கூட ஏதோ திருத்தவேண்டிய விடைத்தாளைப் பற்றிப் பேசுவது போல மெதுவாகப் பேசுவார்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் அக்கா ஒரு கட்டத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொல்வார்: "என் வீட்டுக் கோழி அந்த மாதிரி வேலையெல்லாம் பண்ணாது."

"ஆமாக்கா, உங்க கோழி பல்லு விளக்காம முட்டைகூடப் போடாது" என்பார் பிளம்பர்.

"சிரிங்க சிரிங்க. வளர்ப்புன்னு ஒண்ணு இருக்கு."

அது வெறும் பெருமை என்று தள்ளிவிட முடியாது. ஜிப் அக்கா வீட்டுக் கோழி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு மதிப்பு. அவர் கொடுத்த கோழி கொத்தாது, வேலி தாண்டாது, முட்டையை ஒளித்து வைக்காது. அவர் ஒரு கோழியைத் தூக்கிக் கொண்டையைப் பார்த்து, இறகைப் பிரித்து, "இது ஆகாது" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

டீச்சரின் செவலைக் கோழிக்கு அப்படித்தான் தீர்ப்பு வந்தது. செவலை தான் போட்ட முட்டையைத் தானே கொத்திக் குடிக்க ஆரம்பித்திருந்தது. கோழி வளர்ப்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். வீட்டுக்குள் ஒருவன் திருடுகிறான் என்பதைச் சொல்லும் குரலில்தான் சொல்வார்கள். டீச்சரும் அன்று அந்தக் குரலில்தான் சொன்னார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டார்.

"முட்டைத்தின்னியா? இரக்கம் பார்க்காதீங்க டீச்சர். அந்த ருசி பழகிட்டா விடாது. ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்கும். அடுத்த மாசம் உங்க கூட்டுல முழு முட்டை பார்க்கமுடியாது."

"வேற வழியே இல்லையா அக்கா? கையில சாப்பிடற கோழி அது."

"கையில சாப்பிடறதுதான் முட்டையும் சாப்பிடுது. அறுத்துடுங்க. மனசைக் கல்லாக்கிக்குங்க."

டீச்சர் கல்லாக்கிக்கொண்டார். அதன் பிறகு பல நாள் அவர் வரவில்லை. வந்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "நீங்க சொன்னதாலதான்க்கா முடிஞ்சது. இல்லைன்னா என்னால ஆகியிருக்காது" என்றார். அதை நன்றியாகத்தான் சொன்னார்.

வெல்வெட்டின் கதை அதற்கடுத்த மழைக்காலத்தில் தொடங்கியது.

வெல்வெட் கறுப்பு. வெயிலில் பச்சையும் ஊதாவுமாக மின்னும் கறுப்பு. குஞ்சாக இருந்தபோது குளிர் தாங்காது என்று அக்கா அதைத் துணிக்கூடையில் போட்டு மெஷின் அடியிலேயே வைத்திருந்தார். மிதிக்கும் காலின் அசைவிலேயே தூங்கிப் பழகிய கோழி. பெரிதான பிறகும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் பின்கதவில் வந்து நிற்கும்.

ஒரு காலையில் பழப்பெட்டியின் வைக்கோல் பிசுபிசுத்தது. அடுத்த நாள் முட்டை ஓட்டின் ஒரு சில்லு. அதற்கடுத்த நாள் வெல்வெட்டின் அலகில் மஞ்சள். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. கூட்டுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டி ஓடுகளைப் புதைத்தார். சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கும் என்று கிளிஞ்சல் பொடி வாங்கிவந்து கலந்தார். வெளிச்சம் குறைந்தால் முட்டை கண்ணில் படாது என்று கால்சட்டைத் துணியில் சின்னச் சின்னத் திரைகள் தைத்து ஒவ்வொரு பெட்டிக்கும் மாட்டினார். ஓரம் மடித்து, நாடா கோத்து, வீட்டு ஜன்னலுக்குக்கூட அவர் அப்படித் தைத்ததில்லை. மரத்தில் கடைந்த பொய்முட்டையை வைத்தார். வெல்வெட் அதை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு நல்ல முட்டைக்குப் போய்விட்டது. கடைசியாக ஒரு முட்டையில் துளை போட்டு உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, மிளகாய்ப்பொடியைக் குழைத்து நிரப்பி வைத்தார். கோழிக்குக் காரம் உறைக்காது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெல்வெட் ஓட்டை வழித்துத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று பின்கதவில் வந்து நின்றது.

"அடுத்த தடவை உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடு" என்றார் லாரிக்காரர்.

அக்கா சிரிக்கவில்லை.

டீச்சருக்குச் சொன்ன மருந்து அவருக்கும் தெரியும். கத்தியும் வீட்டில் இருந்தது. இரண்டு முறை வெல்வெட்டைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கும் கல் வரைக்கும் போனதைப் பார்த்தேன். இரண்டு முறையும் அதன் கால் நகங்களை வெட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

அந்த நேரத்தில்தான் பிளம்பர் கேட்டார். "அக்கா, என் கூட்டுல ஒரு இடம் காலியா இருக்கு. உங்க கையால ஒரு கோழி குடுங்களேன். உங்க வீட்டுக் கோழின்னா கண்ணை மூடிட்டு வளர்க்கலாம்."

அக்கா வாயில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்தும் சின்னத் திண்டில் குத்தினார். எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது வெல்வெட் ஒரு சுத்தமான துண்டில் சுற்றப்பட்டிருந்தது. "கொஞ்சம் செல்லமா வளர்ந்தது. பார்த்துக்குங்க" என்றார். பிளம்பருக்கு வாயெல்லாம் பல். வாசல்வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு முறை நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் ஒரு பாவாடைக்கு எலாஸ்டிக் மாற்ற எடுத்துப் போயிருந்தேன். நாற்காலியில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த லாரிக்காரர், யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார்: "கல்யாணம் பண்ணி வெச்சா திருந்திடுவான்னு ஊதாரிப் பையனைத் தள்ளிவிடுவாங்க பாரு, அந்த மாதிரி தள்ளிவிட்டாச்சு."

"இடம் மாறினா பழக்கம் மாறும்ங்க" என்றார் அக்கா.

"யாருக்கு? பிளம்பருக்கா?"

மெஷின் நின்றது. அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு என் பாவாடையைப் பார்த்தார். "இடுப்பு என்ன அளவுன்னு சொன்னே?" என்று கேட்டார். நான் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இடம் மாறியது, பழக்கம் மாறவில்லை. சில வாரங்களில் பிளம்பர் சோர்ந்த முகத்தோடு வர ஆரம்பித்தார். "அக்கா, என் கூட்டுல எதுவோ முட்டையைக் குடிக்குது. எதுன்னு பிடிபடலை. தீனி சரியில்லையோ?"

அக்காவின் வாயில் ஊசி ஏறியது. அன்றிலிருந்து பிளம்பரின் குரல் வாசலில் கேட்டாலே அவர் வாய்க்கு ஊசி வந்துவிடும். தைக்க எதுவும் இல்லாத நேரத்திலும். ஊசி இருந்தால் முழுப் பதில் சொல்லவேண்டியதில்லை. "ம்", "கிளிஞ்சல் போடுங்க", "பார்க்கலாம்" என்று முடித்துக்கொள்ளலாம். பிளம்பரின் துணி மட்டும் கொடுத்த அன்றே தயாராகியது. கேட்காமலேயே பொத்தான் தைத்து, கிழியாத பையையும் ஒரு முறை அடித்து வைத்திருப்பார். கிளிஞ்சல் பொடியைப் பொட்டலம் கட்டி அனுப்பினார். அவருடைய கூட்டுக்கும் திரை தைத்துக் கொடுத்தார்.

"அக்கா மாதிரி ஒரு ஆள் கிடைக்கணுமே! என் கோழிக்கு அவங்க திரைச்சீலை தைக்கிறாங்க, என் வீட்டு ஜன்னல் இன்னும் அம்மணமா நிக்குது" என்று பிளம்பர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்கா மெஷினை வேகமாக மிதிப்பார். ஒரு நாள் அப்படி மிதித்ததில் ஒருவருடைய கால்சட்டையின் இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்துவிட்டார்.

தன் கோழிகளைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோனது. யாராவது இழுத்துக் கேட்டால், "ஏதோ இருக்குதுங்க" என்பதோடு சரி.

பிறகு ஒரு சனிக்கிழமை மாலை. டீச்சர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பிரித்துக் கொடுத்த ஒரு மடிப்பை அக்கா தைத்துக்கொண்டிருந்தார். பிளம்பர் உள்ளே வந்து உட்காராமலேயே சொன்னார்:

"கண்டுபிடிச்சுட்டேன்க்கா. முதலாளிதான்."

முதலாளி அவருடைய முதல் கோழி. குண்டாக, மெதுவாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை செய்பவர் போல நடக்கும். அதனால் அந்தப் பெயர். பிளம்பர் வேலையிலிருந்து வந்தால் அவர் கருவிப் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"முதலாளியா?" என்றார் டீச்சர்.

"நெஞ்சு இறகெல்லாம் மஞ்சள் டீச்சர். எந்நேரமும் பெட்டியிலயே உட்கார்ந்திருக்கு. வேற எது? உங்க செவலை மாதிரியேதான். நாளைக்குக் காலையில மச்சானை வரச் சொல்லியிருக்கேன், அறுக்கறதுக்கு." பிளம்பர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு எட்டு வந்து பார்த்துட்டு, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்க்கா. நீங்க சொன்னா மனசு ஆறும். டீச்சர், நீங்களும் வாங்க. அனுபவப்பட்டவங்க."

அக்காவின் வாயில் ஊசி இருந்தது. அவர் தலையை ஆட்டினார். வருகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். பிளம்பர் வருகிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் லாரிக்காரர் சமையலறையிலிருந்து வந்து, "போய்ச் சொல்லிடு" என்றார்.

"என்னன்னு சொல்றது?"

"வெல்வெட்டு முட்டை திங்கும்னு. இதுல என்ன கஷ்டம்? ரெண்டு வார்த்தை."

"பிளம்பர்கிட்ட சொல்லிடுவேன். அவர் மனுஷன், திட்டிட்டு மறந்துடுவார்." அக்கா ஊசிகளைத் திண்டில் குத்தினார். ஒன்று கை நழுவிக் கீழே விழுந்தது. அதைத் தேடுவது போலக் குனிந்துகொண்டே சொன்னார்: "டீச்சர் இருப்பாங்களே."

குனிந்து ஊசியைத் தேட லாரிக்காரரும் முயன்றார். முழங்கால் விடவில்லை.

மறுநாள் காலை அக்கா சுவருக்கு மேலே எட்டி, "நீயும் வாயேன், துணைக்கு" என்று என்னைக் கூப்பிட்டார். இஸ்திரி போட்ட வெளிர்நிற முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், ஏதோ நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் போல. கையில் காக்கி போட்ட முட்டை ஒன்று. "இதை நடுவுல வெச்சா எதுன்னு அதுவே காட்டிக் குடுத்துடும். நாம எதுவும் சொல்லவேண்டியதில்லை" என்றார். தெரு முழுக்க அந்த முட்டையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் அவரை நலம் விசாரித்த பேப்பர்காரருக்கும் பதில் சொல்லவில்லை.

பிளம்பர் வீட்டுப் பின்பக்கத்தில் எல்லாம் தயாராக இருந்தது. அடுப்பில் வெந்நீர். பிளம்பரின் மச்சான் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். பிளம்பரின் மனைவி வாசற்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் பையோடு சுவரோரம் நின்றார். கவிழ்த்த கூடைக்குள் முதலாளி. அது பதறவில்லை. கூடையின் இடுக்கு வழியாக எல்லோரையும், வேலைக்குத் தாமதமாக வந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, சட்டுனு முடிங்க. எனக்கு வேற வேலை இருக்கு" என்றார் மச்சான்.

"இருடா. அக்கா பார்க்கட்டும்."

அக்கா, "கூடையைத் தூக்குங்க" என்றார். "எல்லாத்தையும் வெளிய விடுங்க."

அந்தக் குரலைக் கேட்டதுமே கூட்டின் திரையை விலக்கிக்கொண்டு ஒரு கறுப்பு உருவம் பாய்ந்து வந்தது. வெல்வெட் நேராக அக்காவிடம் ஓடி வந்து அவர் பாதத்தின் மேல் ஏறி நின்றது. "பாருங்களேன், அம்மாவை அடையாளம் கண்டுக்கிச்சு!" என்று பிளம்பர் மகிழ்ந்துபோனார். அக்கா காலை மெல்ல உருவிக்கொண்டு, முட்டையை முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

முதலாளி கூடையிலிருந்து வெளியே வந்து உடம்பை உதறியது. முட்டையை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்க் குழாயைச் சோதிக்கப் போய்விட்டது. மற்ற இரண்டும் தூரத்தில் கிளறிக்கொண்டிருந்தன.

வெல்வெட் நிதானமாக வந்தது. முட்டையைக் காலால் லேசாக உருட்டி, பருத்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. தலையைப் பின்னுக்கு வாங்கி ஒரே கொத்து. அடுத்த கொத்துக்கு அவசியம் இருக்கவில்லை. ஓட்டை விரித்து உள்ளே அலகை விட்டது. சத்தம் கேட்டதும் மற்ற இரண்டும் ஓடி வந்தன. கடைசியாக முதலாளியும் மேற்பார்வையை விட்டுவிட்டு வந்து, மண்ணில் வழிந்ததைக் குனிந்து குடித்தது. நெஞ்சு இறகில் மஞ்சள் அப்பிக்கொண்டது.

மச்சான் கத்தி தீட்டுவதை நிறுத்தியிருந்தார். பிளம்பரின் மனைவி எழுந்து வந்து முதலாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிளம்பர் மட்டும் உடைந்த ஓட்டையும் வெல்வெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றார். "எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. உங்க வீட்டுல இருந்து வந்தப்போ எவ்வளவு தங்கமா இருந்துச்சு! எங்க வீட்டுக்கு வந்து இப்படிக் கெட்டுப்போச்சே. என் தீனிதான் சரியில்லை, கவனிப்பும் போதலை. நீங்க செல்லமா வளர்த்த கோழியை நாங்க கெடுத்துட்டோம்க்கா. மன்னிச்சுடுங்க." கையைக் கூப்பவே கூப்பிவிட்டார்.

அக்கா ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

"என்னக்கா?"

"அங்கயே தின்னுட்டுத்தான் இருந்துச்சு."

"சும்மா இருங்கக்கா. என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க." பிளம்பர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீங்களா, பழியைத் தன் மேல போட்டுக்கிறாங்க. இந்தக் காலத்துல யார் இப்படி?"

அக்காவின் கை தன் வாய்க்குப் போனது. அங்கே ஊசி எதுவும் இல்லை. கையை இறக்கினார். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் முழுசாக, ‘ப’வும் ‘ம’வும் தெளிவாக, தேவைக்கு மேல் சத்தமாக வந்தது:

"பொய் சொல்லலை தம்பி. மழைக்காலத்துல இருந்தே முட்டைத்தின்னி அது. மிளகாய் வெச்சுப் பார்த்தேன், மறைச்சுப் பார்த்தேன். போகலை. கத்தியைக் கையில எடுத்தேன், மனசு வரலை. தெரிஞ்சேதான் உங்ககிட்ட குடுத்தேன்."

அடுப்பில் வெந்நீர் கொதித்து வழிந்து நெருப்பில் விழுந்தது. யாரும் அதை இறக்கப் போகவில்லை. பிளம்பர் கூப்பிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "ஓ" என்றார். பிறகு, யாருக்கோ சமாதானம் சொல்வது போல, "கோழிதானே" என்றார்.

டீச்சர் சுவரோரத்திலிருந்து நகரவில்லை. வகுப்பில் கேட்பதைப் போலவே மெதுவாகக் கேட்டார்:

"அப்போ என் செவலை?"

அக்கா முற்றத்தின் நடுவுக்குப் போய்க் குனிந்தார். வெல்வெட் ஓட்டை விட்டுவிட்டுத் தானாகவே அவர் கைக்குள் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு டீச்சரின் முன்னால் போய் நின்று, பரிசோதிக்கக் கொண்டுவருகிறவர்கள் தன்னிடம் நீட்டுவது போல, இரண்டு கைகளாலும் நீட்டினார். டீச்சர் பையைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தவில்லை. வெல்வெட் கழுத்தை வளைத்து, அலகில் வழிந்த மஞ்சளை அக்காவின் இஸ்திரி போட்ட சட்டைக் கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. அக்கா கையை மடக்காமல், கண்ணை நிமிர்த்தாமல், நீட்டியபடியே நின்றார்.